சுனாமி: 2004 ஆழிப்பேரலையை முன்வைத்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்ததைக் கண்ணால் பார்த்திராத ஒரு தலைமுறை இன்று வளர்ந்து ஆளாகி, அவர்களில் பலர் கடல்தொழிலுக்கும் வந்துவிட்டார்கள். அவர்கள் பெரியவர்களிடம் கேட்பவையும், பள்ளிகளிலும் கடலோர ஊர்க்கூட்டங்களிலும் திரும்பத் திரும்ப எழுபவையுமான கேள்விகளுக்கு இங்கே பதில் தரப்படுகிறது. தமிழ்நாடு, புதுச்சேரி, இலங்கை, அந்தமான் நிக்கோபார் ஆகிய பகுதிகளின் பட்டறிவே இப்பதில்களுக்கு அடிப்படை. தேவைப்படும் இடங்களில் மட்டும் பிற நாடுகள் குறிப்பிடப்படுகின்றன.

அன்று கடலுக்கடியில் நடந்தது என்ன?

சுமத்ராவின் வடமேற்கே, இந்தியப் பெருங்கடலின் தரையைத் தாங்கும் நிலத்தட்டு பர்மா தட்டு எனப்படும் சிறிய தட்டின் அடியில் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் என்ற அளவில் நுழைந்துகொண்டே இருக்கிறது. இரண்டும் உரசிப் பூட்டிக்கொண்ட இடத்தில் பல நூற்றாண்டுகளாகச் சேர்ந்த இறுக்கம், இந்திய நேரப்படி காலை 6.28 மணியளவில் விடுபட்டது. ரிக்டர் அளவு என்று நாம் பேச்சுவழக்கில் சொல்லும் அளவில் அந்நிலநடுக்கம் 9.1. பிளவு ஓரிடத்தோடு நிற்காமல் சுமத்ராவிலிருந்து வடக்கே அந்தமான் வரை ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் நீளத்துக்குச் சில நிமிடங்களில் கிழிந்துகொண்டு போயிற்று. கடல்தரை பல மீட்டர் உயர்ந்தபோது அதன்மேல் நின்ற நீர் முழுவதும் சேர்ந்து உயர்ந்தது. உயர்ந்த நீர் இரு பக்கமும் பரவியதே சுனாமி.

நிலநடுக்கம் மட்டும்தான் காரணம் என்று எண்ணிவிடக் கூடாது. 2018 டிசம்பர் 22 அன்று இந்தோனேசியாவின் அனாக் கிரகடோவா எரிமலையின் ஒரு பக்கம் சரிந்து கடலில் விழுந்ததால் எழுந்த அலை, கரையில் இருந்தவர்கள் எந்த அதிர்வையும் உணராத நிலையில் வந்து தாக்கியது.

ஆழ்கடலில் இருந்த மீனவர்களுக்கு ஏன் ஒன்றும் தெரியவில்லை?

சுனாமி அலையின் நீளம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர். ஆழ்கடலில் அதன் உயரமோ ஒரு மீட்டருக்கும் குறைவு. நிலநடுக்கம் நிகழ்ந்து இரண்டு மணி நேரம் கழித்து வங்கக்கடலுக்கு மேலாகச் சென்ற ஜேசன்-1 செயற்கைக்கோள் பதிவு செய்த உயரம் ஏறத்தாழ 60 சென்டிமீட்டர்தான். இந்த மேடு பல நிமிடங்கள் எடுத்துக்கொண்டு படகைத் தூக்கி இறக்கும்போது, அன்றாட அலைகளில் ஆடிக்கொண்டிருக்கும் ஒருவரால் அதைப் பிரித்தறிய முடியாது. ஆனால் வேகம் வேறு கதை. 4,000 மீட்டர் ஆழத்தில் மணிக்கு 700 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் அலை, 10 மீட்டர் ஆழத்துக்கு வரும்போது மணிக்கு 36 கிலோமீட்டராகத் தணிந்துவிடும். முன்பகுதி தயங்க, பின்பகுதி வந்து ஏற, நீர் குவிந்து உயரும். அன்று ஆழ்கடலில் வலை போட்டிருந்த பலர் மீனோடு கரை திரும்பிய பிறகுதான் தங்கள் ஊர் இல்லை என்பதைக் கண்டார்கள்.

சுனாமிக்கு முன் கடல் கட்டாயம் உள்வாங்குமா?

கட்டாயமில்லை, இது உயிரைப் பறிக்கக்கூடிய தவறான நம்பிக்கை. பிளவின் கிழக்குப் பக்கம் கடல்தரை தாழ்ந்தது, மேற்குப் பக்கம் உயர்ந்தது. ஆகவே தாய்லாந்துக் கரையில் முதலில் கடல் பின்வாங்கியது. இலங்கைக்கும் இந்தியாவுக்கும் முதலில் வந்து சேர்ந்தது நீரின் ஏற்றம். நம் கரையில் பல இடங்களில் முதல் அலை வந்து வடிந்த பின்புதான் கடல் வெகுதூரம் உள்வாங்கியது. மாமல்லபுரத்தில் அதுவரை யாரும் பார்த்திராத பாறைகள் அப்போது தலைகாட்டின. பல ஊர்களில் துள்ளும் மீனைப் பொறுக்கவும் வேடிக்கை பார்க்கவும் இறங்கியவர்களை அடுத்த, இன்னும் பெரிய அலை அள்ளிக்கொண்டு போனது. கடல் உள்வாங்கினால் ஓட வேண்டும் என்பது சரி. உள்வாங்கவில்லை என்பதால் ஆபத்தில்லை என்று நிற்பதுதான் தவறு.

புயல் வெள்ளம், கள்ளக்கடல், சுனாமி மூன்றும் ஒன்றா?

இல்லை. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்தது சுனாமி என்று இன்றும் பலர் சொல்கிறார்கள். அது புயலும், புயற்காற்று கரைமேல் தள்ளிய கடல்நீரும். புயலுக்கு முன்பே வானமும் காற்றும் அடையாளம் காட்டும். கன்னியாகுமரி, கேரளக் கரைகளில் கள்ளக்கடல் என்று மீனவர்கள் அழைப்பது, தெற்கே வெகுதொலைவில் எழுந்த புயல்களின் அலைகள் நாட்கணக்கில் பயணம் செய்து, இங்கே காற்றே இல்லாத நாளிலும் கரையேறுவதாகும். சுனாமிக்கும் வானிலைக்கும் தொடர்பே இல்லை. 2004-இல் விடிந்தது தெளிந்த வானமுள்ள அமைதியான ஒரு காலை.

நாகப்பட்டினத்தில் அலையின் உயரம் 3 முதல் 5 மீட்டர்தான் என்கிறார்கள். பிறகு ஏன் இத்தனை சாவு?

சுமத்ராவின் ஆச்சே கரையில் சில இடங்களில் 30 மீட்டருக்கும் மேலான உயரத்துக்கு நீர் ஏறியது. அதோடு ஒப்பிட்டால் நம் கரையில் வந்தது சிறிய அலையே. ஆனால் சாதாரண அலை அடித்துவிட்டுச் சில நொடிகளில் திரும்பும்; சுனாமி பல நிமிடங்கள் நிற்காமல் ஆறுபோல உள்ளே ஓடிவரும். இடுப்பளவு நீரே ஓடும்போது ஆளைச் சாய்த்துவிடும். அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் போன்ற இடங்களில் நீரோடு சேர்ந்து விசைப்படகுகளும், பைபர் படகுகளும், கூரை மரங்களும், ஐஸ் பெட்டிகளும் மோதின. நீரில் மூழ்கி இறந்தவர்களைப் போலவே அடிபட்டு இறந்தவர்களும் உண்டு. படகுகள் பாலத்தின்மேல் ஒன்றன்மேல் ஒன்றாய் ஏறிக் கிடந்த காட்சியைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அத்துடன் நாகைக் கரை தாழ்வானது, தட்டையானது. முகத்துவாரங்கள் வழியாக நீர் பின்புறமாகவும் புகுந்தது. கடலைக் கண்டு உள்நாட்டை நோக்கி ஓடியவர்களுக்கு முன்னால் உப்பங்கழி நிரம்பி வழியை அடைத்தது.

கரையின் அமைப்பு எப்படியிருந்தது, அங்கே அந்த நேரத்தில் யார் நின்றார்கள் என்ற இரண்டையும் விட்டுவிட்டு அலையின் உயரத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் அன்றைய இழப்பை விளக்கவே முடியாது.

இலங்கை தமிழ்நாட்டுக்கு அரணாக இருந்ததா?

ஓரளவுக்கு. பாக் நீரிணையும் மன்னார் வளைகுடாவும் இலங்கையின் மறைவில் இருந்ததால் இராமநாதபுரம், தூத்துக்குடிக் கரைகளில் அழிவு குறைவு. மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகளும் பெரும்பாலும் தப்பின. ஆனால் அலை இலங்கையைச் சுற்றி வளைந்து கன்னியாகுமரி மாவட்டத்தின் குளச்சலையும் மணக்குடியையும், கேரளத்தின் கொல்லம் கரையையும் தாக்கியது. மணக்குடியில் இரு கரையையும் இணைத்த பாலமே அடித்துச் செல்லப்பட்டது. அரணாக நின்ற இலங்கை கொடுத்த விலை மிகப் பெரிது: அங்கே ஏறத்தாழ 35,000 பேர் இறந்தனர். கிழக்கே அம்பாறை மாவட்டம்தான் மிக அதிகமான உயிர்களை இழந்தது; கல்முனை, மருதமுனை, மட்டக்களப்பு, முல்லைத்தீவு என்று தமிழ் பேசும் கரையோரம் முழுவதும் சிதைந்தது. தெற்கே பெரலியாவில் தொடருந்து ஒன்று அலையில் சிக்கியதில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

மொத்தம் எத்தனை பேர் இறந்தார்கள்?

14 நாடுகளில் ஏறத்தாழ 2,30,000 பேர். பெரும்பகுதி இந்தோனேசியாவில். இந்தியாவில் இறந்தவர்களாக உறுதிசெய்யப்பட்டோர் 10,000-க்கும் மேல். காணாமற்போனோர் பல்லாயிரவர், அவர்களில் மிகப் பலர் நிக்கோபார் தீவுகளைச் சேர்ந்தவர்கள். தமிழ்நாட்டில் இறந்த ஏறத்தாழ 8,000 பேரில் 6,000-க்கும் மேற்பட்டோர் அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தினர். கிறிஸ்துமஸுக்காக வேளாங்கண்ணிக்கு வந்து தங்கியிருந்த வெளியூர்ப் பயணிகளும் இதில் அடக்கம்.

பெண்களும் குழந்தைகளும் ஏன் அதிகம் இறந்தார்கள்?

ஆக்ஸ்பாம் அமைப்பு 2005-இல் வெளியிட்ட ஆய்வு, கடலூர் மாவட்டத்தில் ஆண்களைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு பெண்கள் இறந்ததாகக் காட்டியது. ஆச்சேயின் சில ஊர்களில் இந்த விகிதம் இன்னும் மோசம். காரணத்தைத் தேட வேறெங்கும் போக வேண்டாம். கடலோரக் குப்பம் ஒன்றின் காலை ஒன்பது மணியை நினைத்துப் பார்த்தால் போதும். ஆண்களில் ஒரு பகுதியினர் ஆழ்கடலில் இருக்கிறார்கள், அங்கே அலை அவர்களைத் தொடாமல் கடந்துபோகிறது. கரைக்கு வந்துசேரும் படகுகளை எதிர்பார்த்து, ஏலத்தில் மீன் எடுத்துத் தலைச்சுமையாகக் கொண்டுபோய் விற்பதற்காக, கூடையும் கையுமாக ஈரமணலில் நிற்பவர்கள் பெண்கள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் பள்ளி இல்லை. பிள்ளைகள் கரையில் விளையாடுகிறார்கள். அலை வந்ததும் ஆண் தனியாக ஓடி மரத்தில் ஏறிவிடலாம். இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகப் பிள்ளைகளோடு, புடவை காலைச் சுற்ற, நீச்சலும் பழகியிராத ஒருத்தியால் எவ்வளவு தூரம் ஓட முடியும்? பிள்ளையைத் தேடி மறுபடி வீட்டுக்குள் போனவர்களும் உண்டு. கடலை நம்பி வாழும் ஊர்களில்கூடப் பெண்பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுக்கும் வழக்கம் இல்லாததை அதற்கு முன் யாரும் பேசியதே இல்லை. இப்போதும் போதுமான அளவுக்குப் பேசப்படுவதில்லை என்பது என் எண்ணம்.

பின்விளைவுகளும் பெண்கள் தலையிலேயே விழுந்தன. குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்துகொண்ட பின் பிள்ளைகளை இழந்த தாய்மார்கள் மீண்டும் கருத்தரிக்க உதவும் மறுசீரமைப்பு அறுவையைத் தமிழ்நாடு அரசு இலவசமாகச் செய்து தந்தது. அது கருணையான ஏற்பாடுதான். ஆயினும் துக்கம் ஆறுமுன்பே, இழந்த பிள்ளைக்கு ஈடாக இன்னொன்று பெற்றாக வேண்டும் என்று வீட்டார் தந்த நெருக்குதலும் அதனூடே இருந்தது.

இரண்டு மணி நேரத்துக்கும் மேல் அவகாசம் இருந்ததே, ஏன் யாரும் சொல்லவில்லை?

நிலநடுக்கம் 6.28 மணிக்கு, சென்னைத் துறைமுகத்தின் கடல்மட்ட அளவி முதல் அலையைக் காட்டியது 9 மணியை ஒட்டி. இடையில் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம். ஹவாயில் இருந்த பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையம் கால் மணி நேரத்தில் அறிக்கை விட்டது. ஆனால் அது பசிபிக் கடலுக்கு ஆபத்தில்லை என்று சொல்வதற்கான அறிக்கை, நிலநடுக்கத்தின் அளவையும் மிகக் குறைவாகவே மதிப்பிட்டிருந்தது. இந்தியப் பெருங்கடலுக்கென்று அப்போது எந்த அமைப்பும் இல்லை. கார் நிக்கோபார் விமானப்படைத் தளம் நீரில் மூழ்கும் செய்தி காலை எட்டு மணியளவில் தமிழ்நாட்டை எட்டியும், அது கரையோரக் குப்பங்களுக்கான எச்சரிக்கையாக மாறவில்லை. இந்தத் தகவலை யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்ற ஏற்பாடே இல்லாதிருந்ததுதான் உண்மையான குறை.

சொல்லப்பட்ட இடங்களில் என்ன நடந்தது என்பதற்கு இரண்டு சான்றுகள் உண்டு. புதுச்சேரியை அடுத்த நல்லவாடு என்ற மீனவ ஊரில், எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் உதவியோடு நடந்த அறிவு மையம் ஒன்றில் ஒலிபெருக்கி இருந்தது. அன்றாடம் கடல்நிலையை அறிவிப்பதற்காக வைத்தது. சிங்கப்பூரில் வேலை பார்த்த அவ்வூர்க்காரர் ஒருவர் தொலைக்காட்சியில் செய்தியைப் பார்த்துவிட்டு ஊருக்குத் தொலைபேசியில் சொல்ல, ஒலிபெருக்கியில் அறிவிப்பு போனது. 3,000-க்கும் மேற்பட்ட மக்கள் கரையை விட்டு விலகினார்கள். வீடுகளும் படகுகளும் போயின, ஊரார் உயிர் தப்பினார்கள். சுமத்ராவுக்கு அருகிலுள்ள சிமெலூ தீவிலோ தொலைபேசிக்கும் நேரமில்லை; பத்து நிமிடத்துக்குள் அலை வந்துவிட்டது. 1907-இல் அங்கு வந்த சுனாமியின் நினைவைப் பாட்டாகவும் கதையாகவும் பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வந்திருந்ததால், நிலம் குலுங்கி நின்றவுடன் எல்லோரும் மேட்டுக்கு ஓடினார்கள். ஏறத்தாழ 78,000 பேர் வாழ்ந்த தீவில் இறந்தவர்கள் 7 பேர்.

சடலங்களால் தொற்றுநோய் பரவியதா?

இல்லை. அஞ்சிய அளவுக்குப் பெரிய கொள்ளைநோய் எந்த நாட்டிலும் பரவவில்லை. குடிநீரில் குளோரின் கலந்ததும், முகாம்களில் தட்டம்மைத் தடுப்பூசி போட்டதும் இதற்கு உதவின. காயத்தாலும் நீரில் மூழ்கியும் இறந்தவர்களின் உடல்கள் கொள்ளைநோயைப் பரப்புவதில்லை என்பதே மருத்துவ உலகின் தெளிவான நிலைப்பாடு. இந்த வீண் அச்சத்தால் பல இடங்களில் அடையாளம் காணாமலும், படம்கூட எடுக்காமலும் அவசரமாகப் பொக்லைன் வைத்துக் குழிதோண்டிப் புதைத்தார்கள். உடலைக் காணாத வீடுகளில் கருமாதி செய்வதா கூடாதா என்று தெரியாமல் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்களின் மனநோவு இன்னும் முழுதாக ஆறவில்லை.

நிவாரணம் எல்லோருக்கும் சமமாகக் கிடைத்ததா?

நாகையில் மாவட்ட நிர்வாகமும் தொண்டு நிறுவனங்களும் ஒருங்கிணைந்து செயல்பட்ட விதம் பிற்காலத்தில் முன்மாதிரியாகப் பேசப்பட்டது. பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு நாகப்பட்டினம், கடலூர், கன்னியாகுமரியில் அரசு இல்லங்கள் திறக்கப்பட்டன. இவையெல்லாம் உண்மை. அதே வேளையில், நிவாரணம் படகையும் வலையையும் அளவுகோலாகக் கொண்டு வழங்கப்பட்டதால், படகு இல்லாதவர்கள் பின்தள்ளப்பட்டார்கள். மீன் சுமக்கும் பெண்கள், உப்பளத் தொழிலாளிகள், கழியில் இறால் தடவும் இருளர், கரையோர வயல்களில் கூலி வேலை செய்த தலித் குடும்பங்கள் ஆகியோர் வேலையை இழந்தும் பட்டியலில் இடம்பெறப் போராட வேண்டியிருந்தது. பல ஊர்களில் பயனாளிகளின் பட்டியல் மீனவப் பஞ்சாயத்து வழியாகவே தயாரானது. அது ஊரைக் கட்டுக்கோப்பாக வைத்திருந்தது, ஊருக்கு வெளியே இருந்தவர்களை வெளியிலேயே வைத்திருந்தது.

மறுபுறம், கொடுத்த இடத்தில் தேவைக்கு மேல் கொடுத்ததும் நடந்தது. தொண்டு நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டு பைபர் படகுகளை வழங்க, கட்டுமரங்கள் குறைந்து, ஒரே கடலில் இயந்திரப் படகுகள் முன்னைவிடப் பெருகின. கரையோர மீன்வளத்தின்மேல் விழுந்த அந்தச் சுமையைச் சுனாமியின் சுற்றுச்சூழல் விளைவுகளில் ஒன்றாகவே சேர்க்க வேண்டும்.

இலங்கையிலும் ஆச்சேயிலும் போர் நடந்த மண்ணில் அலை அடித்தது. ஆச்சேயில் 2005 ஆகஸ்டில் ஹெல்சிங்கியில் அமைதி ஒப்பந்தம் கையெழுத்தாகியது. இலங்கையிலோ அரசும் விடுதலைப் புலிகளும் 2005 ஜூனில் கையெழுத்திட்ட நிவாரண முகாமைத்துவ உடன்படிக்கையின் முக்கியப் பகுதிகளை அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது.

புதிய வீடுகளைக் கரையிலிருந்து தள்ளிக் கட்டியது சரியா?

தமிழ்நாட்டில் கடலிலிருந்து 200 மீட்டருக்குள் இருந்தவர்கள் அந்த இடத்தை விட்டுக்கொடுத்தால் அப்பால் புதுவீடு என்ற ஏற்பாடு 2005-இல் வந்தது. இலங்கையில் தெற்கிலும் மேற்கிலும் 100 மீட்டர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீட்டர் என்று தடைவலயம் அறிவிக்கப்பட்டு, பிறகு தளர்த்தப்பட்டது. பாதுகாப்பு நோக்கில் இது பொருத்தமே. ஆனால் மீனவர் கரையில் குடியிருப்பது கடலின் நிறம், காற்று, அலையின் ஓசை ஆகியவற்றைப் பார்த்துத் தொழிலுக்குப் போவதற்காக. படகையும் என்ஜினையும் வலையையும் கண்பார்வையில் வைத்திருப்பதற்காக. கட்டித் தரப்பட்ட வரிசை வீடுகளில் வலை உலர்த்தத் திண்ணையோ முற்றமோ இல்லை. மீனவர் காலி செய்யும் கரையில் நாளை விடுதிகள் வராது என்பதற்கு என்ன உறுதி என்று அன்றே கேட்டார்கள். அந்தக் கேள்வி நியாயமானது.

வயல்களும் கிணறுகளும் என்ன ஆயின? எவ்வளவு நாளில் மீண்டன?

கடல்நீர் புகுந்த நாகை வயல்களில் மேலே சேறும் மணலும் படிந்தன. மண்ணில் உப்பு ஏறியது. மேல்படிவை வழித்தெடுத்து, ஜிப்சம் இட்டு, வரப்பு கட்டி நன்னீரைத் தேக்கி வடித்து, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுது நிலத்தை மீட்டார்கள். அடுத்த வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்தது பெரிய உதவி; பெரும்பாலான நிலங்கள் ஓரிரு ஆண்டுகளில் விளைச்சலுக்குத் திரும்பின.

கிணறுகளில் நடந்தது சற்று வேறானது. மணற்பாங்கான கடலோரத்தில் மழைநீர், கனமான உப்புநீரின் மேல் மெல்லிய படலமாக மிதந்து நிற்கும். நாம் கிணற்றில் இறைப்பது அந்தப் படலத்தைத்தான். இலங்கையின் கிழக்குக் கரையில் பல்லாயிரம் கிணறுகளில் அலைநீர் நேராக உள்ளே விழுந்தது. உதவ வந்தவர்கள் நல்லெண்ணத்தோடு பம்பு வைத்து, உப்பு நீங்கும் வரை இறைத்துக்கொண்டே இருந்தார்கள். இறைக்க இறைக்க மேலிருந்த நன்னீர்ப் படலம் தேய்ந்து, அடியிலிருந்த உப்புநீர் ஏறியது. சேற்றை அள்ளி ஒருமுறை சுத்தம் செய்து, பிறகு மழைக்கு விட்டுவிடுவதே நல்லது என்பது பின்னர்தான் அறிவுரையாக வந்தது.

அலையாத்திக் காடுகள் ஊர்களைக் காப்பாற்றினவா?

உதவின என்று சொல்லலாம், ஆனால் மேடைப்பேச்சுகளில் சொல்லப்படும் அளவுக்கு இல்லை. கடலூர் மாவட்டக் கரையை ஆராய்ந்து 2005-இல் வெளிவந்த ஆய்வுகள், பிச்சாவரம் போன்ற அலையாத்திக் காடுகளுக்கும் சவுக்குத் தோப்புகளுக்கும் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்றன. அதே தரவுகளை மறுபடி அலசிய வேறு ஆய்வாளர்கள், அந்த ஊர்கள் கடலிலிருந்து தொலைவிலும் மேட்டிலும் இருந்ததே முதன்மைக் காரணம் என்று வாதிட்டார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், சில மீட்டர் உயர அலையின் வேகத்தையும், அது இழுத்துவரும் படகுகளையும் மரங்களையும் அடர்ந்த காடு தடுக்கும். ஆச்சேயில் வந்ததைப் போன்ற அலைக்கு முன் காடே பெயர்ந்துபோகும்.

மணல் மேடுகள் இதைவிட நம்பத்தக்க காவல். ஆனால் அவற்றைக் குறித்து யாரும் விழா எடுப்பதில்லை. கடல் தெரிய வேண்டும் என்பதற்காக மணல் மேட்டை வழித்தெடுத்த இடங்களில் நீர் தடையின்றி நுழைந்தது. பவளப்பாறைக்கும் இது பொருந்தும். இலங்கையின் தென்மேற்கில், பவளத்தைச் சுண்ணாம்புக்காக வெட்டியெடுத்த பெரலியாவில் அலை 10 மீட்டர் உயர்ந்து ஒன்றரைக் கிலோமீட்டர் உள்ளே போனது. அங்கிருந்து 3 கிலோமீட்டர் தள்ளி, பாறை காக்கப்பட்ட ஹிக்கடுவையில் 2 முதல் 3 மீட்டர் உயர்ந்து ஏறத்தாழ 50 மீட்டரில் நின்றது என்று 2005-இல் வெளிவந்த ஓர் ஆய்வு பதிவு செய்திருக்கிறது.

சுனாமிக்குப் பிறகு கரை நெடுகச் சவுக்கு நடும் ஆர்வம் பெருகியது. அலை வந்து தொடும் எல்லையை ஒட்டி நெருக்கமாக நட்ட இடங்களில் மணல் மேடுகள் சிதைந்தன. முட்டையிட ஏறிவரும் பங்குனி ஆமைகளுக்குத் திறந்த மணல் இல்லாமற்போனது. எங்கே நடுவது என்று யோசிக்காமல் நடும் மரம் பாதுகாப்பு ஆகிவிடாது.

விலங்குகளுக்கு முன்கூட்டியே தெரியுமாமே?

இலங்கையின் யால வனத்தில் விலங்குகளின் சடலங்கள் அதிகம் காணப்படாததால் இக்கதை பரவியது. அங்கே ஏற்கெனவே கழுத்தில் கருவி பூட்டப்பட்டிருந்த யானைகளின் நடமாட்டப் பதிவைப் பிறகு எடுத்துப் பார்த்தபோது, அவை அலைக்கு முன்பே உள்நாட்டை நோக்கி ஓடியதற்கான சான்று கிடைக்கவில்லை. நாயும் மாடும் எச்சரிக்கும் என்று காத்திருப்பது வேண்டாம்.

நிலத்தின் வடிவமே மாறியது உண்மையா?

உண்மை. கிரேட் நிக்கோபாரின் தென்முனையான இந்திரா முனை ஏறத்தாழ 4 மீட்டர் தாழ்ந்தது. கலங்கரை விளக்கத்தின் அடிப்பகுதி கடலுக்குள் போனது. திரிங்கெட் தீவு துண்டானது. தென்னந்தோப்புகளும் அலையாத்திகளும் நிரந்தரமாக உப்புநீரில் நின்று பட்டுப்போயின. வடக்கே வட அந்தமானில் இதற்கு நேர்மாறாக நிலம் உயர்ந்து, பவளப்பாறைகள் நீருக்கு மேலே வந்து வெயிலில் மடிந்தன. லெதர்பேக் எனப்படும் மிகப் பெரிய கடலாமைகள் முட்டையிடும் கலாதியா வளைகுடாவின் மணற்கரை காணாமற்போய், பின்னர் மெல்ல மெல்ல மீண்டும் உருவாயிற்று. அதே வளைகுடாவில்தான் இப்போது பெரும் சரக்குப் பெட்டகத் துறைமுகம் திட்டமிடப்பட்டிருக்கிறது. இருபது ஆண்டுகளுக்கு முன் நிலம் இறங்கிய இடம் அது என்பதைத் திட்டம் தீட்டுவோர் மறந்திருக்க மாட்டார்கள் என்று நம்புவோம்.

இப்போது எச்சரிக்கை எப்படி வரும்?

2007 அக்டோபர் முதல் ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் எனப்படும் கடல்சார் தகவல் சேவை மையத்தில் இந்திய சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது. நில அதிர்வு நிலையங்கள், கடலடியில் நீரழுத்தத்தை அளக்கும் கருவிகள், துறைமுகங்களின் கடல்மட்ட அளவிகள் ஆகியவற்றின் தரவுகளைக் கொண்டு சில நிமிடங்களில் முதல் அறிக்கை வெளியாகிறது. ஆஸ்திரேலியா, இந்தோனேசியா ஆகியவற்றோடு இந்தியாவும் இப்பெருங்கடலின் பிற நாடுகளுக்குத் தகவல் தருகிறது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ரா அருகே 8.6 அளவில் நிலம் அதிர்ந்தபோது தமிழ்நாட்டுக் கரையிலிருந்து மக்கள் வெளியேற்றப்பட்டனர். தட்டுகள் பக்கவாட்டில் நகர்ந்த அதிர்வு என்பதால் பெரிய அலை எழவில்லை. அதை வீண் பீதி என்று குறை சொன்னவர்கள் உண்டு. ஓடிவிட்டுத் திரும்பி வந்தவர்கள் இழந்தது அரைநாள் வேலைதான்.

ஐதராபாத்திலிருந்து மாவட்ட ஆட்சியர் வரை செய்தி போவதில் இன்று பெரிய தடையில்லை. அங்கிருந்து குப்பத்தின் கடைசி வீட்டுக்கும், சைரன் ஒலி கேட்டால் எந்தத் தெரு வழியாக எந்தக் கட்டடத்துக்குப் போவது என்று தெரிந்திருப்பதற்கும் இடையேதான் இன்னும் வேலை மீதமிருக்கிறது. ஒடிசாவின் வெங்கட்ராய்ப்பூர், நோலியாசாகி ஆகிய இரு ஊர்கள், வரைபடம், வழிகாட்டிப் பலகை, ஒத்திகை எல்லாவற்றையும் நிறைவேற்றி 2020-இல் சுனாமிக்கு ஆயத்தமான ஊர்களாக யுனெஸ்கோவின் ஏற்பைப் பெற்றன.

மீண்டும் வருமா?

வரும், எப்போது என்று யாராலும் நாள் குறிக்க முடியாது. தாய்லாந்தின் பிரா தோங் தீவில் மண்ணைத் தோண்டிப் பார்த்தபோது, 2004-க்கு முன் இதையொத்த பேரலை அங்கே வந்தது ஏறத்தாழ 550 முதல் 700 ஆண்டுகளுக்கு முன்பு என்று மணற்படிவுகள் காட்டின. அதனால் இன்னும் 500 ஆண்டு கவலையில்லை என்று பொருளாகாது. 1881-இல் கார் நிக்கோபார் நிலநடுக்கம், 1883-இல் கிரகடோவா, 1945-இல் மக்ரான் கரை என்று சிறிய சுனாமிகள் இந்தியக் கரைகளைத் தொட்டே இருக்கின்றன.

கரையில் இருப்பவரும் கடலில் இருப்பவரும் என்ன செய்ய வேண்டும்?

கடலோரத்தில் நிற்கும்போது நிலம் நெடுநேரம் அதிர்ந்தாலும், கடல் வழக்கத்துக்கு மாறாக ஏறினாலும் இறங்கினாலும், பேரிரைச்சல் கேட்டாலும், அறிவிப்புக்குக் காத்திராமல் உள்நாட்டை நோக்கியோ உறுதியான மாடிக் கட்டடத்தின் மேலேயோ போய்விட வேண்டும். நாகை, கடலூர் கரைகளுக்கு அதிர்வு எட்டாமலே அலை வரக்கூடும் என்பதால் அறிவிப்பையும் புறக்கணிக்கக் கூடாது. ஆற்றையும் உப்பங்கழியையும் ஒட்டிய வழியைத் தவிருங்கள். ஒரு அலை வடிந்ததும் பொருளை எடுக்கத் திரும்ப வேண்டாம். அலைகளுக்கிடையே அரைமணி நேரம்கூட இருக்கலாம், முதல் அலையைவிடப் பின்னால் வருவது பெரிதாக இருப்பது வழக்கம்.

கடலில் இருப்பவர்களுக்கு அறிவுரை நேர்மாறானது. எச்சரிக்கை கிடைத்தால் வீட்டை நினைத்துக் கரைக்கு விரையாமல், குறைந்தது 100 பாகம் (ஏறத்தாழ 180 மீட்டர்) ஆழமுள்ள இடத்துக்குப் படகைக் கொண்டுபோக வேண்டும். ஆபத்து நீங்கியது என்ற அறிவிப்பு வந்த பிறகும் முகத்துவாரத்திலும் துறைமுக வாயிலிலும் நீரோட்டம் பல மணி நேரம் தாறுமாறாக இருக்கும். துறைமுகத்தாரிடம் வயர்லெஸ்ஸில் கேட்டு உறுதிசெய்துகொண்டு, பகல் வெளிச்சத்தில் உள்ளே வருவதே பாதுகாப்பு.